எஸ்ஓஏ பதிவின் இரண்டு எண்கள்: ‘இல்லை’ என்ற பதில் எத்தனை நேரம் வாழலாம்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 மார்ச் 3

இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 9077-ஐப் படித்தேன். பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பில் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதில் எத்தனை நேரம் நினைவில் நிற்கலாம் என்பதைப் பற்றியது அது. மொத்தச் சாரமும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது: என்செக் பதிவின் டிடிஎல்லானது, எஸ்ஓஏவின் மினிமம் புலம், எஸ்ஓஏவின் சொந்த டிடிஎல் ஆகிய இரண்டில் எது சிறியதோ அதுவாக இருக்க வேண்டும். (டிடிஎல் என்பது ஒரு பதிவை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற எண்; எஸ்ஓஏ ஒரு ஸோனின், அதாவது ஒரு டொமைனின் பதிவுத் தொகுப்பின், தலைமைப் பதிவு; என்செக் ஒரு பெயர் இல்லை என்பதற்கான கையொப்பமிட்ட சான்று.) பழைய ஆவணத்தில் ஒரு சொல் தவறிவிட்டதென்றால் பிழைத்திருத்தம் ஒன்றைப் பதிந்தால் போதாதா? இதற்குத் தனி ஆவணம், தனி மறுஆய்வு, நான்கு பழைய ஆவணங்களைப் புதுப்பிப்பதாக முகப்பில் அறிவிப்பு என்றெல்லாம் தேவையா? சிறியதைப் பெரிதாக்குகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 4, இரவு 9.40

எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிஎன்எஸ் பாதுகாப்புத் தொடர்பான வரைவுகளை நான் பல ஆண்டுகளாக மறுஆய்வுக் கண்ணோடு படித்துவருகிறேன். அவற்றுள் அளவில் சிறியதும், நான் மிகுதியாகக் கற்றுக்கொண்டதும் இந்த ஆவணம்தான். 2021 ஜூலையில் பீட்டர் வான் டைக் எழுதி வெளிவந்தது. அதன் தகுதிநிலை இன்றும் முன்மொழியப்பட்ட தரநிலை என்பதே.

முதலில் அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். எஸ்ஓஏ பதிவின் கடைசிப் புலமான மினிமம், 1987-இல் ஆர்எஃப்சி 1035 எழுதப்பட்டபோது வேறு பொருளில் இருந்தது; ஸோனில் உள்ள எந்தப் பதிவின் டிடிஎல்லும் அதற்குக் கீழே போகக் கூடாது என்ற கீழ்வரம்பாக அது வைக்கப்பட்டது. நடைமுறையில் அது, டிடிஎல் எழுதப்படாத பதிவுகளுக்கான இயல்பு மதிப்பாகப் பயன்பட்டது. அதனால்தான் அந்தக் காலத்து ஸோன் கோப்புகளில் அந்த இடத்தில் 86400, அதாவது ஒரு முழு நாள், அல்லது அதற்கும் மேற்பட்ட எண்கள் இருக்கும்.

1998 மார்ச்சில் மார்க் ஆண்ட்ரூஸ் எழுதிய ஆர்எஃப்சி 2308 அந்தப் புலத்தின் பொருளையே மாற்றியது. இயல்பு மதிப்பைச் சொல்ல ஸோன் கோப்பில் தனிக் கட்டளை வந்தது. மினிமம் புலமோ, ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதிலை ரிசால்வர் (பயனர்களுக்காகப் பெயர்களைத் தேடித் தரும் சேவையகம்) எத்தனை நேரம் கேஷில், அதாவது தன் தற்காலிக நினைவில், வைத்திருக்கலாம் என்பதைச் சொல்லும் எண்ணாக மாறியது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஆவணம் மினிமத்தை மட்டும் சொல்லவில்லை என்பதுதான். மினிமம், எஸ்ஓஏ பதிவின் சொந்த டிடிஎல் ஆகிய இரண்டில் சிறியதையே அது எடுத்துக்கொள்ளச் சொன்னது.

2005 மார்ச்சில், டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பம் சேர்க்கும் டிஎன்எஸ்செக்கின் ஆவணங்கள் வந்தன. ஆர்எஃப்சி 4034, என்செக் பதிவின் டிடிஎல் எஸ்ஓஏவின் மினிமம் புலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று எழுதியது. அது 2308-இன் உணர்வையொட்டியது என்றும் கூடவே சொன்னது. உணர்வு சரிதான். ஆனால் ‘இரண்டில் சிறியது’ என்ற பாதி அந்த வாக்கியத்தில் விடுபட்டுப்போயிற்று. 2008-இல், பெயர்களை ஹேஷ் குறியீடாக மாற்றி அதே சான்றைத் தரும் என்செக்3-க்காக வந்த ஆர்எஃப்சி 5155-உம் அதே வாக்கியத்தின் வழியிலேயே சென்றது.

பதினாறு ஆண்டுகள் அந்தப் பாதி வாக்கியம் அங்கேயே இருந்தது. அதைத் திருத்துவது சிறிய வேலை என்று நீங்கள் சொல்வது, திருத்தத்தின் நீளத்தைப் பார்த்து. பாதிப்பின் நீளத்தைப் பார்த்தால் எஸ்ஓஏ டிடிஎல் 600 ஆகவும் மினிமம் 86400 ஆகவும் உள்ள ஒரு ஸோனில், பத்து நிமிடத்தில் மறைய வேண்டிய ‘இல்லை’ ஒரு நாள் வாழ்கிறது.

மார்ச் 4, இரவு 11.15

மேலே எழுதிய 600-உம் 86400-உம் நான் கற்பனை செய்த எண்கள் அல்ல. அவை என் கையால் எழுதியவை.

2019-இல் ஒரு கல்வி நிறுவனத்தின் டொமைனை நான் பராமரித்துவந்தேன். ஸோனுக்கு அதற்கு முந்தைய ஆண்டுதான் கையொப்பமிட்டிருந்தோம். எஸ்ஓஏ பதிவின் டிடிஎல்லை 600 என்று வைத்திருந்தேன். அவ்வப்போது புதிய துணைப்பெயர்கள் சேரும் என்பதால், இல்லாத பெயரைக் குறித்த நினைவு பத்து நிமிடத்துக்கு மேல் யாரிடமும் தங்கக் கூடாது என்பது என் எண்ணம். மினிமம் புலத்தில் முன்பிருந்தவர் எழுதிய 86400 அப்படியே இருந்தது. 2308-இன்படி இரண்டில் சிறியதுதானே செல்லும் என்ற நம்பிக்கையில் நான் அதைத் தொடவில்லை.

மாணவர் சேர்க்கைக்காக ‘அட்மிஷன்’ என்று தொடங்கும் ஒரு புதிய பெயரை ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சேர்த்தேன். அதற்கு முன் அந்தப் பெயர் எங்கும் அச்சிடப்படவில்லை, யாரிடமும் சொல்லப்படவில்லை, ஆகவே யாரும் அதைக் கேட்டிருக்க வழியில்லை. அப்படியானால் எந்தக் கேஷிலும் அதைப் பற்றிய ‘இல்லை’ இருக்கவும் வழியில்லை. ஆனால் குறிப்பிட்ட ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் இணைப்பிலிருந்து வந்த பெற்றோர்களுக்கு மட்டும் பக்கம் திறக்கவில்லை. அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன். பிறகு அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னேன். மூன்றாவது முறை என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. வெளியூரிலிருந்து வந்து இணையக் கடையில் காத்திருந்த ஒரு தந்தை, மகளின் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை அழைத்தார்; அவருக்கு என்னால் உருப்படியாக ஒரு காரணமும் சொல்ல முடியாமல் போனது இன்றும் எனக்கு வலிக்கிறது.

எங்கள் ஸோனுக்கான பதில்களைத் தரும் அதிகாரபூர்வ சேவையகத்தின் வினவல் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அந்த இணையச் சேவை நிறுவனத்தின் ரிசால்வரிடமிருந்து அந்தப் பெயருக்கு ஒரு வினவல்கூட வந்திருக்கவில்லை. அது எங்களைக் கேட்காமலேயே ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மார்ச் 6

கேட்காமலேயே எப்படிச் சொல்லும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இதுதான் விவகாரத்தின் மையம்.

என்செக் பதிவு ஒரு பெயரைப் பற்றிப் பேசுவதில்லை. ஓர் இடைவெளியைப் பற்றிப் பேசுகிறது. ஸோனில் உள்ள பெயர்களை வரிசைப்படுத்தினால், இந்தப் பெயருக்கு அடுத்த பெயர் இது, நடுவில் வேறொன்றும் இல்லை என்று கையொப்பத்தோடு சொல்வதே அதன் வேலை. எங்கள் ஸோனில் உச்சிப் பெயருக்கு, அதாவது டொமைனின் பெயருக்கே, அடுத்து வரிசையில் வந்த பெயர் ‘லைப்ரரி’. ஆங்கில வரிசையில் ஏ முதல் கே வரை எந்த எழுத்தில் தொடங்கும் பெயரும் எங்களிடம் அதுவரை இல்லை. மின்னஞ்சல் செயலிகள் யாரும் கேட்காமலேயே ‘ஆட்டோடிஸ்கவர்’ என்ற துணைப்பெயரைத் தேடிப் பார்க்கும் வழக்கம் உடையவை. அப்படி ஒரு செயலி அன்று காலை அந்த ரிசால்வர் வழியாகத் தேடியிருக்கிறது. பதிலாக ‘உச்சிப் பெயருக்கும் லைப்ரரிக்கும் நடுவில் ஒன்றுமில்லை’ என்ற என்செக் போய்ச் சேர்ந்திருக்கிறது. இல்லாத எந்தப் பெயருக்கும் பொருந்தும் நட்சத்திரப் பதிவான வைல்ட்கார்டு இல்லை என்பதற்கும் அதே பதிவே சான்று, ஏனென்றால் நட்சத்திரக் குறியும் அதே இடைவெளிக்குள்தான் விழுகிறது. பத்து மணிக்கு நான் சேர்த்த ‘அட்மிஷன்’ அந்த இடைவெளிக்குள் வந்து விழுந்தது. ரிசால்வர் தன்னிடமிருந்த கையொப்பமிட்ட சான்றைக் காட்டி ‘இல்லை’ என்று பதிலளித்தது. அது தரநிலையை மீறவில்லை. தரநிலையை அப்படியே பின்பற்றியது.

2005-இன் ஆர்எஃப்சி 4035 இந்த வழியை அறிந்தே தவிர்த்தது. கோட்பாட்டளவில் ரிசால்வர்கள் என்செக் பதிவுகளைக் கொண்டு தாமே பதில்களை உருவாக்கலாம், ஆனால் புதிதாகச் சேரும் தரவை மறைத்துவிடாமல் இருக்க அவ்வாறு செய்யாமல் இருப்பதே விவேகம் என்ற பொருளில் அங்கே எழுதியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு ‘இல்லை’ப் பதிலும் அது எந்தப் பெயருக்காக வந்ததோ அந்தப் பெயரோடு ஒட்டிக் கிடந்தது, கூட வந்த எஸ்ஓஏவின் டிடிஎல் முடிந்ததும் போயிற்று. என்செக்கின் டிடிஎல்லில் இருந்த பிழை யாரையும் சுடவில்லை.

2017 ஜூலையில் ஆர்எஃப்சி 8198 அந்தத் தடையை நீக்கியது. கசுனோரி ஃபுஜிவாரா, அகிரா கட்டோ, வாரன் குமாரி ஆகிய மூவரும் எழுதியது. சரிபார்க்கப்பட்ட என்செக், என்செக்3 பதிவுகளைக் கேஷிலிருந்து முனைப்போடு பயன்படுத்தலாம், பயன்படுத்துவது நல்லது என்று அது சொல்கிறது. தொடராக வரும் பொய்ப்பெயர் வினவல்களால் அதிகாரபூர்வ சேவையகங்களை மூழ்கடிக்கும் தாக்குதலுக்கு அது நல்ல மருந்து. அந்த ஆவணத்தை நான் மதிக்கிறேன். அது 4034-இன் பழைய வாக்கியத்தின் மீது நின்றது என்பதே என் குறை.

மார்ச் 6, சற்றுப் பின்னர்

முனைப்பான பயன்பாட்டின் நன்மையை நான் குறைத்துச் சொல்லிவிட்டதாக ஒருவர் வருந்தியிருக்கிறார். நியாயமான வருத்தம். எல்லா டொமைன்களுக்கும் மேலே உள்ள ரூட் ஸோனை எடுத்துக்கொள்வோம். வீட்டு மோடம்களும் அலுவலகக் கணினிகளும் ‘லோக்கல்’, ‘ஹோம்’ போன்ற, உலகளவில் இல்லாத உச்சநிலைப் பெயர்களை ரூட் சேவையகங்களிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ரூட் ஸோன் என்செக்கால் கையொப்பமிடப்பட்டது. அதன் சில இடைவெளிகளைக் கற்றுக்கொண்ட ரிசால்வர் அந்தக் குப்பை வினவல்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

நம் வாசகர்களுக்குப் பிடித்த ஓர் எடுத்துக்காட்டு அங்கே உண்டு. தமிழ் எழுத்தில் அமைந்த .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் ஆகிய மூன்றும் ரூட் ஸோனில் உள்ளன. எக்ஸ்என் என்று தொடங்கும் குறியீட்டு வடிவில்தான் அவை அங்கே எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறியீட்டு வடிவங்களை வரிசைப்படுத்தினால் .இலங்கைக்கு அடுத்து .இந்தியா வருகிறது. ஆகவே .இலங்கையின் என்செக் பதிவு, அடுத்த பெயராக .இந்தியாவைச் சுட்டுகிறது, இவ்விரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை என்று ரூட்டின் கையொப்பத்தோடு சொல்கிறது. டிஎன்எஸ்ஸை வினவ உதவும் டிக் கட்டளையில் டிஎன்எஸ்செக் விருப்பத்தைச் சேர்த்து நீங்களே கேட்டுப் பார்க்கலாம்.

அதே வெளியீட்டில் எஸ்ஓஏவையும் பாருங்கள். ரூட்டின் எஸ்ஓஏ டிடிஎல்லும் 86400, மினிமமும் 86400. இரண்டும் சமமாக இருப்பதால் பாதி வாக்கியத்தின் பிழை அங்கே தீண்டவில்லை.

மார்ச் 9

ஒரு திருத்தம். மார்ச் 4-இல் ‘ஒரு நாள் வாழ்கிறது’ என்று எழுதினேன். அது எல்லா ரிசால்வர்களுக்கும் பொருந்தாது. என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: 2019-இல் அந்த இணைப்பில் பக்கம் பிற்பகல் ஒரு மணிக்குச் சற்று முன்னர் திறக்கத் தொடங்கியது. ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

காரணம் 8198-இலேயே இருக்கிறது. இல்லாமையைக் குறித்த தகவலைக் கேஷில் வைக்கும் காலத்துக்கு 10800 விநாடி, அதாவது மூன்று மணி நேரம், என்ற மேல்வரம்பை வைக்குமாறு அது பரிந்துரைக்கிறது. ஒன்று முதல் மூன்று மணி நேரம்வரை நன்றாக வேலைசெய்கிறது என்று 2308 முன்பே சொல்லியிருந்ததை அது அடியொற்றியது. அந்த நிறுவனத்தின் ரிசால்வர் இந்த மேல்வரம்பை மதித்திருக்கிறது. அதனால்தான் எங்கள் இடர் ஒரு நாள் நீளாமல் ஒரு முற்பகலோடு முடிந்தது. மேல்வரம்பு வைக்காத ரிசால்வரில் ஒரு நாள்தான்.

ஆயினும் நான் கேட்டது மூன்று மணி நேரம் அல்ல. பத்து நிமிடம். ஸோனை நடத்துபவர் எழுதிவைத்த எண்ணை விடப் பதினெட்டு மடங்கு நேரம் அந்த ‘இல்லை’ வாழ்ந்தது, அதுவும் எல்லாரும் ஆவணப்படி நடந்துகொண்டபோது.

மார்ச் 10

‘என்செக்கின் டிடிஎல்லை எஸ்ஓஏவின் மினிமத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று 8198 ஏற்கெனவே ரிசால்வர்களுக்குச் சொல்லியிருக்கிறதே’ என்கிறார் ஒருவர். ஆம், சொல்லியிருக்கிறது, மினிமம் சிறியதாக இருந்தால் என்ற நிபந்தனையோடு. எங்கள் ஸோனில் என்செக்கின் டிடிஎல் 86400, மினிமமும் 86400. குறைக்க ஒன்றுமில்லை. 600 என்ற எண் எஸ்ஓஏவின் சொந்த டிடிஎல்லில் இருந்தது, அதை அந்த வாக்கியம் திரும்பிப் பார்க்கவில்லை. 4034-இல் விழுந்த அதே ஓட்டை 8198-இலும் விழுந்தது. 9077 அங்கும் ‘இரண்டில் சிறியது’ என்ற சொற்களைச் சேர்க்கிறது.

மார்ச் 15

ஐந்து நாட்களாக ஒரு கருத்தை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். ரிசால்வர் தரப்பில் திருத்தினாலே போதும், உலகெங்கும் கையொப்பமிடும் நிரல்களை மாற்றச் சொல்வது மிகை என்பதே அந்தக் கருத்து. முதன்முதலில் 9077-ஐ வாசித்தபோது ஓரத்தில் அப்படித்தான் குறித்துவைத்திருந்தேன். ரிசால்வர் மென்பொருள்கள் எண்ணிக்கையில் குறைவு, அவை புதுப்பிக்கப்படும் வேகமும் அதிகம் என்பது என் வாதமாக இருந்தது. இப்போது அந்த வாதத்தைக் கைவிடுகிறேன்.

ரிசால்வர் இரண்டில் சிறியதை எடுக்க வேண்டுமானால் அதன் கையில் எஸ்ஓஏ இருக்க வேண்டும். ‘அந்தப் பெயர் இல்லை’ என்ற பதிலில் எஸ்ஓஏ கூடவே வருகிறது. ஆனால் என்செக் வேறு இரண்டு வழிகளிலும் வருகிறது. ஒன்று, வைல்ட்கார்டிலிருந்து விரித்துக் கொடுக்கப்பட்ட பதில்: கேட்ட பெயர் தனியே இல்லை, அதனால்தான் நட்சத்திரப் பதிவு பொருந்தியது என்று காட்ட ஓர் என்செக் உடன் வரும். மற்றொன்று, கையொப்பமிடப்படாத ஒரு கிளை ஸோனுக்கு வழிகாட்டும் பதில்: கிளை கையொப்பமிடப்பட்டது என்று மேல் ஸோனில் அறிவிக்கும் டிஎஸ் பதிவு அங்கே இல்லை என்று காட்ட ஓர் என்செக் வரும். இந்த இரண்டிலும் எஸ்ஓஏ வருவதில்லை. அதைக் கொண்டும் ரிசால்வர் இடைவெளியைக் கற்றுக்கொள்கிறது, ஆனால் எத்தனை நேரம் நினைவில் வைக்கலாம் என்பதற்கு என்செக்கின் டிடிஎல்லைத் தவிர அதனிடம் வேறு ஆதாரம் இல்லை. அந்த எண்ணை எழுதுபவர் கையொப்பமிடும் நிரலே. ஆகவே திருத்தம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

வைல்ட்கார்டு பற்றி அந்த ஆவணத்தில் ஒரு குறுகிய குறிப்பு உண்டு. நான் இரண்டு முறை தாண்டிச் சென்றுவிட்டு மூன்றாம் முறைதான் நின்று படித்தேன். விரித்துக் கொடுத்த பதில் செல்லுபடியாகும் காலம், வைல்ட்கார்டின் டிடிஎல்லாலும் கூட வந்த என்செக்கின் டிடிஎல்லாலும் கட்டுப்படுகிறது. என்செக்கின் டிடிஎல்லைக் குறைத்தால் வைல்ட்கார்டுப் பதில்களின் ஆயுளும் குறையும். ஒரு நாள் கேஷில் தங்கிய பதில்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் சேவையகத்தைத் தேடி வரும். வைல்ட்கார்டை நம்பி இலட்சக்கணக்கான துணைப்பெயர்களை நடத்துபவருக்கு அது மெய்யான சுமை. திருத்தம் யாரிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது என்பதையும் எழுதிவைத்த ஆவணம் இது. இந்த நேர்மைக்காகவே நான் இதை மதிக்கிறேன்.

மார்ச் 16

இனி முதல் கேள்விக்கு: பிழைத்திருத்தம் போதாதா?

வெளியான ஆர்எஃப்சியின் வாசகம் ஒருபோதும் மாற்றப்படுவதில்லை. பிழைத்திருத்தங்கள் ஆவணத்துக்கு வெளியே தனிப் பட்டியலில் இருக்கும். எழுதியவர்கள் எண்ணியது ஒன்று, அச்சானது வேறொன்று என்ற இடத்தில் அவை சரிபார்க்கப்பட்டவையாக ஏற்கப்படும். பொருளே மாறும் இடத்தில், ஆவணம் அடுத்துத் திருத்தப்படும்வரை நிறுத்திவைக்கப்படும். இங்கே நான்கு ஆவணங்களில் விதி மாறுகிறது. 4034-இல் ‘செய்வது நல்லது’ என்ற வலிமையில் இருந்த வாக்கியம் ‘செய்தே ஆக வேண்டும்’ என்ற வலிமைக்கு உயர்கிறது. அப்படி ஒரு மாற்றத்தைப் பணிக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓரத்துக் குறிப்பாகச் சேர்த்தால், மறுநாள் வேறொருவர் வேறொரு விதியையும் அவ்வாறே சேர்க்கலாம்.

இன்னொன்று. கையொப்பமிடும் நிரலை எழுதும் ஓர் இளம் பொறியாளர் 4034-ஐத் திறந்து படிக்கிறார் என்று வையுங்கள். ‘புதுப்பிக்கப்பட்டது: 9077’ என்ற வரி முகப்பிலேயே அவர் கண்ணில் படும். பிழைத்திருத்தப் பட்டியலை அவர் தேடிப்போக வேண்டும். நானே எத்தனை முறை தேடிப்போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கையில் அடங்கும்.

மார்ச் 16, இரவு

என்செக்3-இல் இதே இடர் உண்டா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: உண்டு. ஆனால் ஆப்ட்-அவுட் கொடி உள்ள என்செக்3 பதிவுகளின் இடைவெளிக்குள் கையொப்பமிடப்படாத கிளைகள் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் கொண்டு ரிசால்வர் தானாக ‘இல்லை’ சொல்ல முடியாது. .காம் அவ்வாறான ஸோன்.

மார்ச் 22

‘கேஷில் மாட்டிக்கொண்ட தவறான என்செக்கால் பெரிய நிறுவனம் எதுவும் விழுந்ததுண்டா, அல்லது இது கல்லூரி ஸோன்களின் கவலை மட்டும்தானா’ என்று கேட்டிருக்கிறார்கள்.

2021 செப்டம்பர் 30-ஆம் நாள் பணியிடச் செய்திச் சேவையை நடத்தும் ஸ்லாக் நிறுவனத்துக்கு நேர்ந்ததை அவர்களே பின்னர் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதன் காரணம் டிடிஎல் பிழை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் தங்கள் டொமைனுக்கு டிஎன்எஸ்செக்கை இயக்கியபோது, வைல்ட்கார்டு பதிவுக்காக அமேசானின் ரூட் 53 (Route 53) என்ற டிஎன்எஸ் சேவை உருவாக்கிய என்செக்கில், எந்தெந்த வகைப் பதிவுகள் உள்ளன என்ற பட்டியல் தவறாக இருந்தது. இருக்கும் முகவரிப் பதிவையே இல்லை என்று அந்தப் பட்டியல் சொன்னது. முனைப்பாகப் பயன்படுத்தும் ரிசால்வர்கள் அதை நம்பின. பின்னர் டிஎஸ் பதிவை மேல் ஸோனிலிருந்து எடுத்தார்கள். ஆனால் அது ஏற்கெனவே உலகெங்கும் கேஷ்களில் 24 மணி நேர டிடிஎல்லோடு அமர்ந்திருந்தது. கையொப்பங்கள் இல்லாத ஸோனையும், கையொப்பம் இருந்தே தீர வேண்டும் என்று சொல்லும் டிஎஸ்ஸையும் சேர்த்துப் பார்த்த ரிசால்வர்கள் பதிலளிக்க மறுத்தன. பெரிய ரிசால்வர்களை நடத்துவோரிடம் கேஷைத் துடைக்குமாறு கேட்பதைத் தவிர வேறு விரைந்த வழி இல்லாமற்போனது.

இரண்டு நிகழ்வுகளிலும் நான் காண்பது ஒன்றே. தவறு நடந்த இடம் வேறு, அது தங்கியிருந்த இடம் வேறு. தங்கியிருந்த இடத்தில் ஸோன்காரருக்குக் கையில்லை. கையொப்பம் தவறைச் சரிசெய்வதில்லை. அதை உறுதிப்படுத்தி எடுத்துச்செல்கிறது.

அதனால் கேஷும் கையொப்பமும் சந்திக்கும் எந்த வரைவு என் கைக்கு வந்தாலும், முதலில் டிடிஎல் என்ற சொல் வரும் ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிடுகிறேன். அந்த எண்ணை யார் எழுதுகிறார், யார் குறைக்கலாம், தவறான பதில் அந்த எண் முடியும்வரை யாருடைய கேஷில் தங்கும், அந்தக் கேஷைத் துடைக்க யாருக்கு உரிமை உண்டு என்று ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். மறைகுறியாக்க முறைகளைப் பற்றிய பகுதிகளைப் படிக்க என்னைவிடத் தேர்ந்தவர்கள் உண்டு. இந்த வரிகளைத்தான் யாரும் படிக்காமல் தாண்டுகிறார்கள்.

மார்ச் 29

முதல் கேள்வியைக் கேட்டவர் தம் ஸோனின் எஸ்ஓஏவை அனுப்பியிருக்கிறார். டிடிஎல் 300, மினிமம் 86400, என்செக் 86400. இணைய முகவரிகளை மறைத்துவிட்டு எண்களை மட்டும் இங்கே எழுதுகிறேன். பழைய கையொப்ப நிரலை உடனே மாற்ற முடியாது, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

9077 அதற்கும் வழி சொல்கிறது: நிரல்களைப் புதுப்பிக்க முடியாதவரை எஸ்ஓஏவின் டிடிஎல்லையும் மினிமம் புலத்தையும் ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். சமமான இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றுதான். உங்களுக்கு 300 வேண்டுமென்றால் இரண்டையும் 300 ஆக்குங்கள். வைல்ட்கார்டு இருந்தால் அதன் சுமையை முதலில் கணக்கிடுங்கள். ஸோன் கோப்பின் மேலே இயல்பு டிடிஎல் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1998-க்கு முந்தைய பாணியில் மினிமத்தையே இயல்பு மதிப்பாக நம்பியிருக்கும் கோப்பாக இருந்தால், அதைக் குறைக்கும்போது டிடிஎல் எழுதப்படாத எல்லாப் பதிவுகளும் சேர்ந்து குறைந்துவிடும்.

ஏப்ரல் 2

நான் இப்போது பராமரிக்கும் மூன்று ஸோன்களிலும் மேலே சொன்னதை நேற்று நானே செய்தேன். இரண்டு எண்களும் 3600. 2019-க்குப் பிறகு அந்தக் கல்வி நிறுவனத்தின் ஸோனைத் திருத்தியவன், என் மற்ற ஸோன்களைத் திருத்தாமல் ஆறு ஆண்டுகள் விட்டிருந்தேன் என்பதை இங்கே பதிந்துவைக்க வேண்டும்.

மாற்றிய உடனே என்செக் பதிவுகளைப் பார்த்தேன். சிலவற்றில் 3600, மற்றவற்றில் இன்னும் 86400. முதலில் திடுக்கிட்டேன். பிறகு 9077-இல் உள்ள ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது: சில நிரல்கள் என்செக் சங்கிலியைச் சிறிது சிறிதாகவே புதுப்பிப்பதால், எதிர்பார்க்கும் டிடிஎல்லுக்கும் காணும் டிடிஎல்லுக்கும் இடையே தற்காலிக முரண் இருக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. வாசிப்பில் நான் பொருட்படுத்தாத வரி அது. ‘செய்தே ஆக வேண்டும்’ என்று சொன்ன ஆவணம் அடுத்த மூச்சிலேயே தளர்வு கொடுப்பதேன் என்றுகூட நினைத்திருந்தேன். அந்தத் தளர்வு இல்லையென்றால், என்னுடையதைப் போன்ற ஸோன்களைச் சோதனைக் கருவிகள் எல்லாம் பிழையென்று அறிவிக்கும். எண்ணை மாற்றிய நொடியில் முழு ஸோனுக்கும் மீண்டும் கையொப்பமிட வேண்டியிருக்கும். பெரிய ஸோன்களுக்கு அது எளிய காரியமல்ல.

ஏப்ரல் 6

இன்று காலை மூன்றாவது ஸோனைப் பார்த்தேன். பதினேழு என்செக் பதிவுகளில் பதினாறு 3600 ஆகிவிட்டன. ஒன்றில் மட்டும் இன்னும் 86400 இருக்கிறது. அதன் கையொப்பம் ஏப்ரல் 9 அன்று புதுப்பிக்கப்படும். அந்தப் பதிவு காட்டும் இடைவெளிக்குள் அதுவரை புதிய பெயர் எதையும் நான் சேர்க்கப்போவதில்லை.